பெரிய மேஸ்திரி

எங்கள் வீட்டில் அம்மாவின் காதுபட இரண்டு பேரைத் திட்டக்கூடாது. ஒருவர் ஆண்டவர், இன்னொருவர் டில்லியில் இருந்த தலைவர். ஆண்டவரை நைனா ஒருநாளும் திட்டியதில்லை. அவருக்குச் சேரவேண்டியதையும் சேர்த்துத் தலைவருக்கே கொடுத்துக்கொண்டிருந்தார்.

வீடு என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். சாந்தோமில் கோயிலுக்குப் பின்னால், மணல் தொடங்குகிற இடத்தில், ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகள். அதில் ஒன்றில் நைனா, அம்மா, ஒரே மகள் நான். எனக்கு முன்னும் பின்னும் பிறந்தவை தங்கவில்லை. நான் கோயில் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அம்மா கோயில் துணிகளை, பீடத்து விரிப்பு, சாமியாரின் வெள்ளை அங்கி எல்லாவற்றையும், துவைத்துக் கஞ்சிபோட்டுப் பெட்டி போடுவாள். ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமையும் சோளமும் தந்த காலம் அது. எங்கள் தட்டில் கஞ்சி இல்லாத நாளிலும் சாமியாரின் அங்கி விறைப்பாக நிற்கும். அதைச் சொல்லிக்காட்டி அம்மாவிடம் அறை வாங்கியிருக்கிறேன். எனக்கு அப்போதும் வாய் அதிகம்.

நைனா மாம்பலத்தில் ஒரு மரச்சாமான் பட்டறையில் பாலிஷ் மேஸ்திரி. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணி உருண்டையில் தொட்டு, தேக்கின்மேல் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போகவேண்டும். தேய்க்கிறவனின் முகம் மரத்தில் தெரிகிறவரைக்கும் விடக்கூடாது. அவருடைய நகங்கள் ஞாயிற்றுக்கிழமையும் செங்காவியாகத்தான் இருக்கும். நற்கருணை வாங்கப் போகும்போது மட்டும் விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வார்.

உலகத்தில் எது நடந்தாலும் அதற்கு யார் பொறுப்பு என்பதில் நைனாவுக்குச் சந்தேகமே வராது. பட்டறையில் கற்ற நியாயம் அது. ஒருமுறை அவருக்குக் கீழே வேலை செய்த ஒரு ஆள் மழை நாளில் ஈரம் பார்க்காமல் பாலிஷ் ஏற்றிவிட்டார். லஸ் பக்கத்து வக்கீல் ஒருவரின் சாப்பாட்டு மேஜை முழுக்க வெள்ளை பூத்துப்போயிற்று. வக்கீல் பட்டறைக்கே வந்து கத்தினார். நைனா ஆளைக் காட்டிக்கொடுக்கவில்லை. "தப்பு நம்பள்துதான் சாமி" என்று தலையைக் குனிந்து நின்றார். வக்கீல் வண்டி ஏறிப் போனபிறகுதான் உள்ளே திரும்பி, குரலை உயர்த்தாமல், "யாரு கை?" என்று கேட்டாராம். வக்கீல் போட்ட சத்தத்துக்குக் கலங்காத அந்த மனிதர் இந்தக் கேள்விக்கு அழுதுவிட்டாராம்.

"மேஸ்திரின்னு பேர் எடுத்தவன் மொதல்ல தலை குனியணும்" என்பார் நைனா. "அவன் குனியாத வரைக்கும் கை யாருதுன்னு கேக்கக்கூடாது. அதான் மொறை."

இந்த முறைப்படி, யுத்த காலத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காததற்கும், குண்டு விழும் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதற்கும், என் தம்பி காய்ச்சலில் போனதற்கும் வெள்ளைக்கார ராசாதான் காரணம். சுதந்திரம் வந்ததும் நைனா ஒரே நாளில் ஆளை மாற்றிக்கொண்டார். "பெரிய மேஸ்திரி மாறிட்டாரு. இனிமே எதுவா இருந்தாலும் அவர்ட்ட தான் கேக்கணும்" என்றார். அன்று அவர் அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னார். தேய்ந்துபோன சட்டையைப் போட்டுக்கொண்டு கடற்கரை ரோடுவரை ஊர்வலத்தில் நடந்துவிட்டும் வந்தார்.

அம்மா காலண்டரிலிருந்து தலைவரின் படத்தை வெட்டி இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஒட்டினாள். ஈஸ்டருக்கு வீடு மந்திரிக்க வந்த சாமியார் அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். பிறகு அதன்மேலும் இரண்டு துளி தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். அம்மாவுக்கு நைனாவின் நியாயம் ஏறவே ஏறாது. பூசையில் நெஞ்சில் மூன்றுமுறை தட்டிக் குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் இடம் வருமில்லையா, அங்கே மற்றவர்கள் விரல் நுனியால் தொட்டுக்கொள்வார்கள். அம்மா குத்துவாள். மழை பெய்யாததுகூட அவள் செய்த பாவத்தால்தான். இந்த இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து சோளக்களி தின்பது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

நைனா குடிப்பார். சனிக்கிழமை கூலி கையில் வந்ததும் கள்ளுக்கடைக்குப் போய்விட்டுத்தான் வருவார். வந்தால் அம்மாவை அடிப்பார். ஒருமுறை அவளுடைய மணிக்கட்டு பிசகிவிட்டது. மறுநாள் சாமியாரின் அங்கி சுருக்கத்தோடு பீடம் ஏறியது. யாரும் எதுவும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். காலையில் நைனா பச்சிலை அரைத்துக்கொண்டு வந்து அவள் கையில் கட்டிவிடுவார். அவரை வெறுக்கவும் முடியாமல் நான் தவித்தது அந்தக் காலைகளில்தான்.

பிறகு மதுவிலக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தது மாகாண அரசாங்கம். டில்லித் தலைவருக்கும் எங்கள் கள்ளுக்கடைக்கும் நேர்ச் சம்பந்தம் கிடையாது என்று எனக்கு அப்போதே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வீட்டில் அதைச் சொன்னால் இரண்டு பேருமே கேட்கமாட்டார்கள். "மாகாணம் கீகாணம் எனக்குத் தெரியாது. பெரிய மேஸ்திரி யாரு? அவர் தான் மூடுனாரு" என்று நைனா எரிந்து விழுந்தார். "ஆமா, அவர் தான் மூடுனாரு. மகராசன் நல்லா இருக்கணும்" என்று அம்மா படத்தைப் பார்த்துக் கைகூப்பினாள். அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

கடை மூடிய முதல் வாரங்களில் நைனாவுக்குத் தூக்கம் பிடிக்காது. சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். பிறகு மெல்லச் சரியாயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் வெறுங்கையோடு வராமல் ஒரு ஓலைக் கூடையில் சங்கராமீன் வாங்கிவந்தார். அம்மாவின் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி அள்ளிப்போட்டார். மூன்று பேரும் மணலில் போய் உட்கார்ந்தோம். என் அம்மா சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்று அந்த மாதங்களில்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு தலைவரால் ஒரு வீட்டுக்கு நல்லது நடக்குமா என்று யாராவது என்னைக் கேட்டால் நடக்கும் என்றுதான் சொல்வேன். நான் பார்த்திருக்கிறேன்.

அடையாற்றங்கரைக் குடிசைகளில் திருட்டுச் சாராயம் ஓட ஆரம்பித்தது. எங்கள் வரிசையிலிருந்தே சிலர் இருட்டியபிறகு அந்தப் பக்கம் போய்வந்தார்கள். அங்கே ஒருவர் வாயில் நுரை தள்ளிச் செத்தார் என்று கேள்விப்பட்டபோது நைனா காறித் துப்பினார். "எவனோ எதுலயோ காய்ச்சுனத வாங்கிக் குடிக்கிறதுக்கு நான் இன்னா மடையனா?" அவர் அந்தப் பக்கம் ஒருநாளும் போகவில்லை. அந்த விஷயத்தில் அவர் சொன்ன சொல் மாறவில்லை, அதை நான் சாட்சி சொல்வேன்.

இரண்டு அறை தள்ளி, பட்டறையில் அவரோடு வேலை செய்த இளைஞர் ஒருவர் குடியிருந்தார். கல்யாணம் ஆகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நைனாவை அண்ணே என்றும், கோபம் வந்தால் மேஸ்திரி என்றும் கூப்பிடுவார். இரண்டு பேரும் விடிந்ததும் ஒன்றாக நடந்து மாம்பலம் போவார்கள், ஒன்றாகத் திரும்புவார்கள். அந்த மழைக்காலம் முடிந்ததும் முதலாளி இவர்கள் இரண்டு பேரையும் அடையாறில் ஒரு பங்களாவுக்கு அனுப்பினார். சுவர் முழுக்கத் தேக்கு அலமாரி, அதற்கெல்லாம் புதுப் பாலிஷ் போடவேண்டும்.

அந்த அலமாரிகளில் ஒன்று பாட்டில் வைப்பதற்கு. பங்களாக்காரர் டாக்டர் சீட்டு காட்டிப் பெர்மிட் வாங்கியிருந்தார். உடம்புக்கு மருந்தாக அவர் குடிக்கலாம். நைனா அந்தக் கதவுகளை நாளெல்லாம் தேய்த்தார். முகம் தெரிகிற அளவுக்கு வந்தபோது அதில் அவர் முகமும், திறந்த கதவுக்குள் வரிசையாக நின்ற பாட்டில்களும் தெரிந்திருக்கும். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நானே அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். பின்வாசல் படியில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறக்காமலே வைத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள ஒருத்தர் குடிக்கிறாரு. அவருக்கு ஒடம்பு சரியில்லையாம்" என்றார். "எனக்கு ஒடம்பு நல்லா கீதுன்னு யார் சொன்னது?"

அது நியாயமான கேள்வி. சாப்பிடு நைனா, ஆறிப்போகுது என்றேன்.

பாலிஷ்காரர்களுக்குள் ஒரு பழைய வழக்கம் உண்டு. அரக்கு கரைக்கிற ஸ்பிரிட்டும் ஒருவகைச் சாராயம்தானே. கடையில்லாத ஊருக்கு வேலைக்குப் போனால் மீந்த பாலிஷிலிருந்து அரக்கைப் பிரித்துவிட்டு மேலே நிற்பதைக் குடித்துவிடுவார்கள். ஒவ்வாமல் வாந்தி எடுப்பார்கள், ஆனால் யாரும் செத்ததில்லை. வெளியில் விற்பதை நம்பாதவர்கள்கூடத் தங்கள் டின்னில் இருப்பதை நம்புவார்கள். நாக்கில் ஒரு சொட்டு வைத்தே ஸ்பிரிட் சரக்கு எப்படி என்று சொல்கிறவர்கள். தங்கள் கைச் சாமான் தங்களை ஏமாற்றாது என்று அவர்களுக்கு ஒரு எண்ணம்.

பங்களா வேலை ஒரு சனிக்கிழமை முடிந்தது. நைனா அன்று நேரத்தோடு வந்துவிட்டார். தலை வலிக்கிறது என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அவரிடம் ஏதோ வாடை அடித்தது, ஆனால் அவரிடம் எப்போதுமே ஸ்பிரிட் வாடைதான். அம்மா மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

காலையில் எழுந்து, முகம் கழுவி, எங்களோடு பூசைக்கு வந்தார். வழியில் இரண்டுமுறை என் தோளைப் பிடித்துக்கொண்டார். கோயிலில் ஆண்கள் பக்கம் போகாமல் எங்களுக்குப் பின்னாலேயே தூணை ஒட்டி நின்றார். பூசை தொடங்கிப் பாதி ஆகியிருந்தது. பீடத்தில் எல்லா மெழுகுவர்த்திகளும் எரிந்துகொண்டிருந்தன.

நைனா முன்னால் குனிந்து அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். "இன்னாமே, இன்னும் மெழுகுவத்தி ஏத்தலையா? ஒரே பனியா கீதே."

அம்மா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் கண்ணுக்கு முன்னால் கையை நீட்டி அசைத்தாள். நைனா பீடத்தைப் பார்த்தபடியே நின்றார். கோயிலுக்குள் குரல் உயர்த்தாத என் அம்மா அன்று கத்தியது எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது.

கோயில் வண்டியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதே வண்டியில் அந்த இளைஞரையும் ஏற்றினோம். அவர் மனைவி காலையிலிருந்து எழுப்பிக்கொண்டிருக்கிறாளாம், எழுந்திருக்கவில்லை. வழியில், சிந்தாதிரிப்பேட்டை பாலத்துப் பக்கம், அவர் மூச்சு நின்றது. நைனா பிழைத்தார். கண் மட்டும் திரும்பவில்லை. யாரும் குடிக்கக்கூடாது என்பதற்காக, இவர்கள் குடித்த பாலிஷ் ஸ்பிரிட்டில் இப்போது வேறு நஞ்சு கலந்துதான் விற்கிறார்கள், அது முதலில் கண்ணைத் தின்னும் என்று டாக்டர் சொன்னார். இதே வார்டில் இன்னும் மூன்று நான்கு பேர் இப்படிப் படுத்திருப்பதாகவும் சொன்னார்.

அந்த விதவைப் பெண் ராயபுரத்தில் இருந்த தன் தாய்வீட்டுக்குப் போகுமுன் எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. நைனா பாயில் உட்கார்ந்திருந்தார். யார் என்று நான் சொன்னதும் அவர் படபடவென்று பேச ஆரம்பித்தார். "உன் புருசன அந்த டில்லிக்காரன் தான்மா கொன்னான். கடைய மூடுனான், மூடிட்டு விசத்தக் கலந்தான். பணக்காரனுக்கு பெர்மிட், நமக்கு விசம். நான் விடமாட்டேன். கேக்காம விடமாட்டேன்." அவள் கடைசிவரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு மூட்டையை எடுத்துக்கொண்டு டிராம் நிற்கிற பக்கம் நடந்துபோனாள்.

அதற்குப் பிறகு எங்கள் அறையில் ஒரே பேச்சுத்தான். பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் நைனா அதையே சொன்னார். யாரும் வராத நாளில் சுவரிடம் சொன்னார். நான் பள்ளிக்கூடத்துப் பழைய பேப்பரைக் கொண்டுவந்து படித்துக் காட்டவேண்டும். தலைவர் எங்கே போனார், என்ன திறந்துவைத்தார் என்பது வரும்போதெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு பாட்டம் திட்டுவார். பிறகு, "ம், மேல படி" என்பார். திட்டி முடித்த நாளில் ஒழுங்காகச் சாப்பிடவும் செய்வார்.

"அவரா வந்து உன் வாயில ஊத்துனாரு?" என்று அம்மா ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"கடைய மூடுனது யாரு?"

"கடை மூடணும்னு நான் தான் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேந்துக்கினேன். என்னைத் திட்டு."

"நீ இன்னா மேஸ்திரியா, உன்னத் திட்டறதுக்கு?" என்று நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தலைவருக்கு இதில் எவ்வளவு பங்கு என்று நானும் அப்போதிலிருந்து யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்றும் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. அவர் பெயரைச் சொல்லித்தான் எல்லாம் நடந்தது, நல்லதை அவர் பெயரில் எழுதினால் கெட்டதையும் எழுதத்தானே வேண்டும். ஆனால் நாட்டில் கண் போனவர்கள், சோறு இல்லாதவர்கள், பிரிவினையில் வெட்டுப்பட்டவர்கள் எல்லாருக்கும் ஒரே மனிதர் பதில் சொல்லவேண்டும் என்றால் அவர் முதுகு தாங்காது. பங்கு பிரித்து நிறுத்துக் கொடுக்க என்னிடம் தராசு இல்லை. எங்கள் பேட்டையில் தராசு வைத்திருந்தவன் ரேஷன் கடைக்காரன் ஒருவன்தான், அவன் நிறுத்தது எதுவும் சரியாக இருந்ததில்லை.

மறுவருடம் தலைவர் சென்னைக்கு வந்தார். மீனம்பாக்கத்தில் இறங்கி மவுண்ட் ரோடு வழியாகத் திறந்த காரில் போகிறார் என்று தெரிந்ததும் நைனா எழுந்து உட்கார்ந்துகொண்டார். "என்னைக் கூட்டிக்கினு போங்க. நான் ஒரு வார்த்தை கேக்கணும்."

என்ன கேட்கப்போகிறார் என்பதை எங்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகினார். "ஐயா, நான் பாலிஷ் மேஸ்திரி. என் கண்ணு போச்சு. என் ஆளு போயிட்டான். நீ தான் பெரிய மேஸ்திரி. தலைய குனி." இவ்வளவுதான். நாளாக ஆக அதில் இருந்த வசவுகளை அவரே ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

"அவருக்குத் தமிழ் தெரியாது நைனா" என்றேன்.

"தலை குனியறதுக்கு பாஷை இன்னாத்துக்கு?"

போலீஸ் அடிக்குமோ, கூட்டம் மிதிக்குமோ என்று அம்மாவுக்குப் பயம். ஆனால் அவளுக்கும் தலைவரைப் பார்க்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் புடவையைக் கட்டிக்கொண்டு அவள் ஒரு கையும் நான் ஒரு கையுமாக அவரைப் பிடித்துக்கொண்டு தேனாம்பேட்டை வரைக்கும் நடத்திப் போனோம். வெயில் ஏறுமுன்பே ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனம். கண் தெரியாதவர் என்று கண்டதும் எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். தொண்டர் ஒருவர் எங்களை முதல் வரிசையில் கயிற்றுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார். யாரோ நைனாவின் கையில் ஒரு காகிதக் கொடியைச் செருகினார்கள். அவர் அது என்ன என்று கேட்கவில்லை.

சைதாப்பேட்டை பக்கமிருந்து சத்தம் புறப்பட்டது. மோட்டார் சைக்கிள்கள் போயின, போலீஸ் ஜீப் போயிற்று. பிறகு அந்தக் கார். ஜனங்கள் கத்திய கத்தலில் என் காது அடைத்துக்கொண்டது. நைனா இரண்டு கையையும் முன்னால் நீட்டி வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஒட்டி நின்ற எனக்கே அவர் சொன்னது ஒரு எழுத்துக் கேட்கவில்லை. "பாவம், பாக்க முடியலையேன்னு அயுவுறாரு" என்று பின்னால் ஒரு அம்மாள் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

தலைவர் எங்கள் பக்கம் திரும்பினார். அவ்வளவு களைத்த முகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. படத்தில் இருப்பதைவிட வயதாகத் தெரிந்தார். கைகூப்பித் தலையைக் குனிந்தார். வழியில் எங்களுக்கு முந்தி நின்றவர்களுக்கும் அப்படித்தான் குனிந்திருந்தார், அடுத்த நொடி எதிர்ப்பக்கம் திரும்பி அவர்களுக்கும் குனிந்தார். கார் போய்விட்டது.

கூட்டம் கலைந்து புழுதி அடங்கியபிறகு நைனா கேட்டார். குரல் கம்மிப்போயிருந்தது.

"அவர் காதுல விழுந்துச்சா?"

நான் வாயைத் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள். "விழுந்துச்சு."

"மெய்யாலுமா? இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. உன்னையே பாத்தாரு. கையெடுத்துக் கும்பிட்டு, தலைய குனிஞ்சாரு."

நைனா என் பக்கம் திரும்பினார். "குனிஞ்சாரா?" ஆமாம் நைனா, குனிஞ்சாரு என்றேன். அது உண்மைதானே. அவர் கையிலிருந்த கொடியைத் தடவிப் பார்த்து, ஒழுங்காகச் சுருட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று ராத்திரி அம்மா படத்துக்கு முன்னால் முழங்காலிட்டு வெகுநேரம் இருந்தாள். ஒரு சச்சரவு முடிந்தது என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு நைனா தலைவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. பேப்பரில் அவர் பெயர் வந்தால் பேசாமல் கேட்டுக்கொள்வார். கொஞ்ச நாளில் பேப்பரே வேண்டாம் என்றார். வந்தவர்களிடமும் பேச்சு இல்லை. நாளெல்லாம் தன் வலது கையை இடது கையால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சோறு தட்டில் அப்படியே காயும். ஒரு மத்தியானம், அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருக்க நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே சொன்னார்.

"மொதலாளி சொன்னாரு. புது ஸ்பிரிட்டு வந்துகீது, இது பழசு மாரி இல்ல, வாயில வெக்காதீங்கன்னு சொன்னாரு. எல்லா மொதலாளியும் இப்டித்தான் பூச்சாண்டி காட்டுவான்னு நான் தான் சிரிச்சேன்."

அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அவன் வேணாம்னான். வூட்ல புதுசா பொண்ணு கீதுண்ணே, வேணாம்ணே, பயமா கீதுன்னான். இது நம்ப கை சாமான்டா, நம்பள ஒண்ணும் பண்ணாதுன்னு நான் மொதல்ல குடிச்சுக் காட்டுனேன். அப்பால அவன் கையில குடுத்தேன்."

"வேணாம், விடு" என்றாள் அம்மா.

"எப்டி விடுறது? பெரியவரு தலை குனிஞ்சிட்டாரில்ல. இனிமே கை யாருதுன்னு கேட்டுத்தானே ஆவணும்."

அம்மா சாமியாரைக் கூட்டிவந்தாள். நைனா பாவசங்கீர்த்தனம் செய்தார். சாமியார் வெளியே வந்து, மன்னிப்புக் கொடுத்துவிட்டேன், இனி நிம்மதியாக இருப்பார் என்றார். நைனா சாமியாருக்கு நன்றி சொன்னார், மரியாதையாகத்தான் சொன்னார். அன்றைக்கும் சாப்பிடவில்லை. ராயபுரத்துப் பெண்ணுக்கு ஆள் அனுப்பிப் பார்த்தோம். அவள் வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்று தெரிந்தது. எனக்கு அந்த நாட்களில் நைனாமேல் பயங்கரமான கோபம் இருந்தது. என் அம்மாவின் கன்னத்துக் குழியை அவர் திரும்ப எடுத்துக்கொண்டார் என்ற கோபம். அதையும் மீறி அவருக்கு ஒரு வாய் ஊட்டிவிட முடியாதா என்று கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பேன். வாயைத் திறக்கமாட்டார். பழையபடி திட்டு நைனா, யாரையாவது திட்டு என்று அவர் காதில் சொல்லியும் பார்த்தேன். யாரைத் திட்டுவது என்று கேட்டார்.

கிறிஸ்துமஸ் வருமுன் போய்விட்டார். கீழ்ப்பாக்கம் கல்லறையில் வைத்துவிட்டு வந்தோம். வந்தவர்கள் எல்லாரும், நல்ல சாவு, ஒப்புக்கொண்டு போனார் என்றார்கள். சிலர் மதுவிலக்கைத் திட்டினார்கள், சிலர் டில்லியைத் திட்டினார்கள், ஒருவர் நைனாவையே திட்டினார். அம்மா யாரையும் மறுக்கவில்லை. எல்லாரும் போனபிறகு அவர் படுத்திருந்த பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, நெஞ்சில் அடித்துக்கொள்ளாமல், அழாமல், வெறுமனே உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"காதுல விழலைன்னு சொல்லியிருக்கணும்டி" என்றாள் அம்மா. "இன்னும் கொஞ்ச நாள் திட்டிக்கினு இருந்திருப்பாரு."